உயிலங்குளத்து அரை மணி
கோப்புகளின் கதை: தொடர் வரலாறு

2013-ஆம் ஆண்டு. பேசாலையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருக்கும் பெரியவர் ஒருவர் ஒரு பென்ட்ரைவோடு வந்தார். ரொறன்ரோவில் இருக்கும் மகன் குடும்பத்துப் பத்திரங்களை எல்லாம் ஸ்கேன் செய்து கொடுத்தனுப்பியிருந்தான். காணி உறுதி, ஞானஸ்நானப் பத்திரம், கலியாணப் பதிவு, இடம்பெயர்ந்த காலத்து நிவாரண அட்டை என்று ஒவ்வொன்றுக்கும் தமிழிலேயே பெயர் வைத்திருந்தான். இன்னொரு பிரதி எடுத்து வைப்போம் என்று, என்னிடம் இருந்த பழைய செய்நிரல் ஒன்றை ஓடவிட்டேன். மொத்தம் எத்தனை கோப்பு என்பதை அது சரியாகச் சொன்னது. ஆனால் பெயர் வர வேண்டிய இடமெல்லாம் வரிசையாகக் கேள்விக்குறி. அளவு இல்லை, திகதி இல்லை. ஒன்றையும் பிரதி எடுக்கவும் இல்லை.

"என்ன தம்பி இது, எல்லாம் கேள்விக்குறியாக் கிடக்குது? என்ர உறுதி எங்க?"

"உறுதி உள்ளுக்குத்தான் கிடக்குது ஐயா. கேக்கிறவனுக்கு அதின்ர பேரைச் சொல்லத் தெரியேல்லை."

அவரைச் சமாளிக்கச் சொன்ன பதில் அல்ல அது. நடந்தது அதுதான். அந்தக் கேள்விக்குறிகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனால் 1971 வரை போக வேண்டியிருக்கிறது. கோப்பு வட்டில் எப்படித் துண்டு துண்டாகக் கிடக்கிறது என்பதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். கோப்பைத் திறப்பதற்கு முன்னால் நடப்பதை இப்போது பார்ப்போம். ஒரு செய்நிரல் பணிசெயல் முறைமையிடம், "இந்தப் பெயரில் ஒன்று இருக்கிறதா? எவ்வளவு பெரிது? யாருடையது? எப்போது எழுதப்பட்டது?" என்று கேட்கிறது. பதில் வந்த பிறகுதான் மற்ற வேலையெல்லாம்.

மன்னார்க் கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய விஷயம் அல்ல. அரிப்பு என்ற ஊருக்கு வெளியே கடலடியில் முத்துச்சிப்பி விளையும் திட்டுகளைப் 'பார்' என்று சொல்வார்கள். ஒல்லாந்தர் காலத்திலும் பின்னர் ஆங்கிலேயர் காலத்திலும், பாரைச் சோதிக்காமல் முத்துக்குளிப்பு அறிவிக்கப்படுவதில்லை. சுழியோடிகளை இறக்கி மாதிரிச் சிப்பிகள் எடுப்பார்கள். சிப்பியின் வயது என்ன, எவ்வளவு நெருக்கமாகக் கிடக்கிறது, மாதிரியில் கிடைத்த முத்தின் பெறுமதி என்ன என்று கணக்கெழுதுவார்கள். பார் அப்படியே கடலடியில் கிடக்கும், அதைப் பற்றிய கணக்கு மட்டும் கரைக்கு வரும். ஆங்கிலேய ஆட்சியின் முதல் ஆளுநர் பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வையிடத் தங்குவதற்கென்று கட்டிய மாளிகையின் சிதிலங்கள் அரிப்புக் கரையில் இன்னும் நிற்கின்றன. 1902-இல் லிவர்பூலில் இருந்து வந்த பேராசிரியர் ஹேர்ட்மனும் அவரோடு வந்த ஜேம்ஸ் ஹோர்னெலும் இந்தப் பார்களை ஆராய்ந்து எழுதியது 5 பெரிய தொகுதிகளாக வந்தது. பொருளைத் தொடுவதற்கு முன் பொருளைப் பற்றிக் கேட்டு அறிவது இந்தக் கரையில் பழைய தொழில்.

கணினியில் அந்தக் கேள்விக்கு ஒரு நிலையான வடிவம் கொடுத்தவர்கள் நியூ ஜேர்சியின் மறே ஹில்லில், பெல் ஆய்வுகூடத்தில் இருந்தார்கள். கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி, ருட் கனடே ஆகியோர் 1969-இல் கரும்பலகையிலும் குறிப்புத் தாள்களிலும் தீட்டிய கோப்பு முறைமையில் இருந்து வளர்ந்ததுதான் யுனிக்ஸ். அதன் முதல் கையேட்டின் திகதி 1971 நவம்பர் 3. அந்தக் கையேட்டிலேயே 'ஸ்டாட்' என்ற முறைமை அழைப்பு இருக்கிறது. ஏற்கெனவே திறந்திருக்கும் கோப்பைப் பற்றிக் கேட்க 'எஃப்ஸ்டாட்' என்ற இன்னொன்றும் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அதே பெயர்களோடு இரண்டும் உயிரோடு இருக்கின்றன. உங்கள் கைத்தொலைபேசியில் ஓடுவது அண்ட்ரொய்ட் என்றால், இதை வாசிக்கும் இந்த நிமிடத்திலும் அதற்குள் யாரோ அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும்.

கேட்கும் முறை எளிது. செய்நிரல் கோப்பின் பெயரைக் கொடுக்க வேண்டும், நினைவகத்தில் 34 பைட் இடம் ஒன்றையும் காட்ட வேண்டும். அந்த இடத்தை முறைமை நிரப்பிக் கொடுக்கும். கோப்பின் இலக்கம், யார் வாசிக்கலாம் யார் எழுதலாம் என்ற குறிகள், அதற்கு எத்தனை பெயர்கள், உரிமையாளரின் எண், அளவு, வட்டில் எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது, உருவான நேரம், கடைசியாக மாறிய நேரம். கடைசி 2 பைட் வெறுமை. எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கையேட்டில் உள்ள ஒரு நிபந்தனை. கோப்பைப் பற்றிக் கேட்க, கோப்பின் மீது எந்த அனுமதியும் தேவையில்லை. அதற்குப் போகும் அடைவுகளை வாசிக்க முடிந்தால் போதும். உள்ளே இருப்பதை வாசிக்க உரிமை இல்லாதவரும், அப்படி ஒன்று இருக்கிறது, இவ்வளவு பெரிது, இன்னாருடையது என்று அறியலாம்.

நேரத்தை அவர்கள் ஒரு விநாடியின் அறுபதில் ஒரு பங்காக எண்ணினார்கள். அமெரிக்க மின்சாரத்தின் துடிப்பு அது. 32 பிட் இடத்தில் அப்படி எண்ணினால் இரண்டரை ஆண்டுக்குள் எண் நிரம்பிவிடும். ஆகவே தொடக்க நாளை அவ்வப்போது மாற்ற வேண்டியிருந்தது. பிறகு முழு விநாடிக்கு மாறி, 1970 சனவரி 1 என்ற தொடக்கத்தில் நிலைத்தார்கள்.

இந்த வடிவமைப்பின் ஆழம் வேறோர் இடத்தில் இருக்கிறது. யுனிக்ஸில் கோப்பின் விவரங்கள் பெயரோடு சேர்ந்து கிடப்பதில்லை. விவரங்கள் 'ஐ-நோட்' என்ற தனிப் பதிவில் இருக்கின்றன. அடைவு என்பது பெயரையும் பதிவு இலக்கத்தையும் இணைக்கும் ஒரு பட்டியல் மட்டும். ஒல்லாந்தர் எழுதிய காணிப் பதிவேடான தோம்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே காணியை ஊரில் ஒருவர் 'பனையடி வளவு' என்பார், இன்னொருவர் பாட்டியின் பெயரால் சொல்வார். தோம்பில் அதற்கு ஒரே பதிவுதான். ஒரு பெயர் வழக்கொழிந்தால் காணி அழிவதில்லை. யுனிக்ஸிலும் ஒரு பெயரை நீக்கினால் பெயர்களின் எண்ணிக்கை ஒன்று குறையும். கடைசிப் பெயரும் போய், அதைத் திறந்து வைத்திருப்பவரும் இல்லாத போதுதான் கோப்பு அழியும்.

'உருவான நேரம்' நீடிக்கவில்லை. பின்னர் வந்த பதிப்புகளில் அந்த இடத்தைக் கடைசியாக வாசிக்கப்பட்ட நேரமும், பதிவே மாறிய நேரமும் பிடித்துக்கொண்டன. 'பதிவு மாறிய நேரம்' என்பதன் சுருக்கப்பெயர் 'சீ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குவதால், அதுவே பிறந்த நேரம் என்று நினைத்துப் பிழைவிட்ட செய்நிரலாளர்கள் பலர். லினக்ஸில் பிறந்த நேரத்தைக் கேட்பதற்கு ஒழுங்கான வழி 'ஸ்டாட்எக்ஸ்' என்ற அழைப்போடு 2017-இல்தான் வந்தது.

இனி மற்றக் குடும்பத்துக்கு வருவோம். எங்கள் ஊர்களுக்குக் கணினி வந்தது யுனிக்ஸ் வழியாக அல்ல, டோஸ், விண்டோஸ் வழியாக. 1977-இல் மைக்ரோசொஃப்ட்டில் மார்க் மக்டொனால்ட் எழுதிய 'ஃபாட்' முறையில் இருந்து வளர்ந்தது டோஸின் கோப்பு முறைமை. அதில் தோம்பு இல்லை. பெயரும் விவரமும் 32 பைட் கொண்ட ஒரே வரியில் அடுத்தடுத்துக் கிடந்தன: பெயருக்கு 8 எழுத்து, வகைக்கு 3, பிறகு குறிகள், நேரம், திகதி, தொடக்க இடம், அளவு. திகதி 1980-இல் தொடங்கும். விநாடிக்கு 5 பிட் மட்டுமே மிஞ்சியதால் இரண்டிரண்டு விநாடியாகத்தான் எண்ண முடியும். ஆகவே அந்த முறையில் எழுதிய எந்தக் கோப்பும் ஒற்றைப்படை விநாடியில் மாறியதாகப் பதிவாகாது. 1983-இல் வந்த டோஸ் 2.0 இவற்றைக் கேட்பதற்கு முறையான அழைப்புகளைக் கொடுத்தது.

பெயரும் விவரமும் ஒட்டிக் கிடந்தால் என்ன தொல்லை? பெயர் சொல்ல முடியாதவனுக்கு விவரமும் இல்லை. தமிழுக்கு அடி விழுந்த இடம் இதுதான்.

ஈழத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் ஒரு தலைமுறை தமிழ் தட்டச்சுச் செய்தது பாமினி எழுத்துருவில். ஆங்கில எழுத்துகளின் உருவத்தை மாற்றித் தமிழாகக் காட்டும் ஏற்பாடு அது. கணினிக்குத் தெரிவது ஆங்கில விசைகள் மட்டும். 'மன்னார்' என்று அடிக்க 7 விசை: கே, டி, அரைப்புள்ளி, டி, எச், யூ, அரைப்புள்ளி. மெய்யெழுத்தின் தலையில் விழும் புள்ளிக்குக் கொடுக்கப்பட்ட விசை அரைப்புள்ளி. டோஸின் 8 எழுத்துப் பெயரில் அரைப்புள்ளிக்கு இடமில்லை. அதாவது புள்ளி வைத்த எழுத்து எதுவும் கோப்புப் பெயரில் நுழைய முடியாது. புள்ளி இல்லாமல் தமிழில் எத்தனை ஊர்ப் பெயரை எழுதலாம்? மன்னார், மடு, மாந்தை, அடம்பன், வங்காலை, முருங்கன் என்று எண்ணிப் பாருங்கள். மடு மட்டும் புள்ளியின்றித் தப்பும், அவ்வளவுதான். 'தலைமன்னார்' 10 விசை, ஆகவே நீளத்திலேயே அது வெளியே.

விண்டோஸ் 95 நீண்ட பெயர்களை அனுமதித்தபோது அரைப்புள்ளிக்கும் வழி கிடைத்தது. ஆனால் பாமினியில் 'ஈ' என்ற எழுத்துக்குரிய விசை 'சிறியது' என்ற கணிதக் குறி. டோஸ் காலத்தில் இருந்து கட்டளைகளுக்காக ஒதுக்கிவைத்த குறி என்பதால், இன்று வரை அதை விண்டோஸ் கோப்புப் பெயரில் வைக்க முடியாது. மன்னார் மாவட்டத்தில் ஈச்சளவக்கை என்று ஓர் ஊர் உண்டு. அந்த ஊர்க் குடும்பங்களின் பட்டியலை அதன் பெயரிலேயே பாமினியில் சேமிக்கப் பார்த்தால் முதல் எழுத்திலேயே கணினி தடுத்துவிடும். தடுக்காத பெயர்களும் கோப்புறையில் பார்க்கும்போது தமிழாகத் தெரியாது. அங்கே எழுத்துரு வேறு. ஆகவே எல்லோரும் ஆங்கில எழுத்தில் 'லெட்டர் 1', 'லிஸ்ட் 2' என்று வைத்தார்கள். அக்காலத்துப் பிளொப்பிகளை இன்று திறந்து பார்க்கிறவருக்கு எது எந்த ஊர்ப் பட்டியல் என்று தெரியாமல் போவதற்குக் காரணம், எழுதியவர்களின் சோம்பல் அல்ல.

கதவு திறந்தது 1993 யூலையில், விண்டோஸ் என்.டி. வந்தபோது. அதன் என்.டி.எஃப்.எஸ். கோப்பு முறைமை பெயர்களை யூனிகோடில் வைத்தது. 1991-இல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் என்.டி.யின் 'கெட் ஃபைல் இன்ஃபர்மேஷன் பை ஹாண்டில்' என்ற அழைப்பு யுனிக்ஸின் எஃப்ஸ்டாட்டுக்கு நேர் உறவு: குறிகள், உருவான நேரம், வாசித்த நேரம், எழுதிய நேரம், வட்டின் தொடர் இலக்கம், அளவு, பெயர்களின் எண்ணிக்கை, கோப்பின் இலக்கம் ஆகிய எல்லாவற்றையும் கொடுக்கும். நேரம் 1601 சனவரி 1-இல் இருந்து, ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்காக எண்ணப்படும்.

ஆனால் பழைய செய்நிரல்களைக் கைவிட முடியாது என்பதற்காக, பெயரைச் சொல்லிக் கேட்கும் ஒவ்வோர் அழைப்புக்கும் இரண்டு வாசல் வைத்தார்கள். ஒன்று யூனிகோடுக்கு. மற்றது அந்தந்த நாட்டின் பழைய எழுத்து அட்டவணைக்கு. விண்டோஸ் 2000 தமிழை ஏற்றுக்கொண்டபோது தமிழுக்கு அப்படி ஒரு பழைய அட்டவணை கிடையாது. தமிழ் யூனிகோட் வாசலால் மட்டுமே போக முடிந்தது. பழைய வாசலால் பட்டியல் கேட்கும் செய்நிரலுக்கு முறைமை ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பும். செய்நிரல் அந்தக் கேள்விக்குறிகளையே பெயர் என்று நம்பித் திரும்பிப் போய், "இதன் அளவு என்ன?" என்று கேட்கும். கேள்விக்குறி கோப்புப் பெயரில் வரக்கூடாத குறி. ஆகவே பதில்: பெயர் பிழை.

பேசாலைப் பெரியவரின் உறுதிக்கு நடந்தது இதுதான். பென்ட்ரைவில் பெயர் ஒரு புள்ளியும் குறையாமல் இருந்தது. என் பழைய செய்நிரல் தவறான வாசலில் நின்று கேட்டது. வேறு செய்நிரலால் கேட்டபோது எல்லாம் வந்தன. "இருக்குதுதானே, அப்ப ஏன் இல்லை எண்டு சொன்னது?" என்று அவர் கேட்டார். அந்தக் கோபம் நியாயமானது. எங்கள் பெயர்களைத் தெரியாத வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு, பிழை பெயரில்தான் என்று சொல்வது சரியல்ல.

யூனிகோட் வந்த பிறகும் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. முத்துக்குளிப்புக் காலத்தில் பெருங்கூட்டம் கூடிய கொண்டச்சியின் பெயரையே எடுங்கள். முதல் எழுத்தான 'கொ'வில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. 1998-இல் வந்த ஆப்பிளின் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்துத்தான் வைத்தது. அங்கிருந்து பிரிந்த பெயரோடு லினக்ஸுக்கு வந்த கோப்பை, சேர்ந்த எழுத்தால் கேட்டால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று பதில் வரும். லினக்ஸ் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டை மட்டும் பார்க்கும். ஒரு பெயருக்கு அது கொடுக்கும் 255 பைட்டில், ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் வீதம் 85 குறியீடுதான் அடங்கும்.

இனி நேரம். இந்தப் பகுதியை நான் எழுத நினைத்ததே இதற்காகத்தான்.

பென்ட்ரைவில் இருந்த ஸ்கேன்களின் நேரத்தைப் பார்த்துவிட்டுப் பெரியவர் சிரித்தார். "வேலைக்குப் போறவன், விடியப்புறம் ரெண்டு மணிக்கோ இருந்து ஸ்கேன் பண்ணினவன்?" பென்ட்ரைவும் ஃபாட் முறையில்தான் இருந்தது. அந்த முறை நேரத்தை எழுதுமே தவிர, அது எந்த ஊர் நேரம் என்று எழுதாது. மகனுடைய சுவர்மணிக்கு என்ன நேரமோ அது அப்படியே பதிந்து, பேசாலையில் பேசாலை நேரமாகத் தெரிந்தது. மாரிக்காலத்தில் இரண்டுக்கும் பத்தரை மணி வித்தியாசம். விடியப்புறம் 2 மணி என்பது ரொறன்ரோவின் 2 மணிதான். அவன் உண்மையிலேயே நித்திரை முழித்துத்தான் அந்த வேலையைச் செய்திருந்தான். தகப்பனுக்கு அது தெரிந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

பத்தரை மணியைக் கண்டுபிடிப்பது எளிது. அரை மணிதான் கடினம்.

1996 மே மாதம் வரை இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றே: கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன். மின்சாரத் தட்டுப்பாடு வந்த அந்த மே 25-இல் அரசு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்ரோபர் 26-இல் அரை மணி திருப்பி எடுத்து ஆறு மணியில் நிறுத்தியது. 2006 ஏப்ரல் 15 வரை அதுவே நாட்டின் நேரம். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே ஐந்தரை மணியே நீடித்தது.

மன்னார் மாவட்டம் இரண்டாகப் பிரிந்து கிடந்த காலம் அது. மன்னார்த் தீவு அரச கட்டுப்பாட்டில், மாந்தைப் பக்கத்தின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில். போர்நிறுத்தக் காலத்தில் இரண்டுக்கும் நடுவே உயிலங்குளத்தில் சோதனைச்சாவடி. அதைக் கடந்தவர்கள் அடையாள அட்டையைக் காட்டியதோடு கைமணிக்கூட்டையும் மாற்றினார்கள். இந்தப் பக்கம் 'புது நேரம்', அந்தப் பக்கம் 'பழைய நேரம்'. பஸ்ஸுக்குப் போவதென்றாலும் பூசைக்குப் போவதென்றாலும், "எந்த நேரம், பழசோ புதுசோ?" என்று கேட்காமல் ஒருவரும் புறப்படவில்லை.

உலகத்துக் கணினிகள் பல ஊர் நேரத்தைப் பார்த்துக்கொள்ளும் நேரவலயத் தரவுத்தளம் ஒன்று உண்டு. ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது. அதில் இலங்கை முழுவதற்கும் 'ஆசியா - கொழும்பு' என்ற ஒரே பதிவு. 2006-இல் அதன் தொகுப்பாளர் போல் எகேட் அதற்குள்ளேயே ஒரு குறிப்பு எழுதி வைத்தார்: தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இருப்பவர்கள் கொல்கத்தாவின் பதிவைப் பயன்படுத்தலாம், 1970-இல் இருந்து இரண்டும் ஒத்தே வந்திருக்கின்றன என்று. மாந்தையில் இருந்தவரின் கணினிக்குச் சரியான நேரம், கடலுக்கு அப்பால் உள்ள நாட்டின் நகரம் ஒன்றின் பெயரில் இருந்தது.

இப்போது ஃபாட் முறையில் எழுதிய ஒரு பிளொப்பியை நினைத்துப் பாருங்கள். 2003-ஆம் ஆண்டு மன்னார் மாவட்டத்தில் பதிந்த நேரம் அதில் இருக்கிறது. எந்த அழைப்பால் கேட்டாலும் அது சரியாகப் பதில் சொல்லும், ஆனால் பழைய நேரமா புது நேரமா என்று சொல்லாது. அதைக் கேட்பதற்கு அழைப்பே இல்லை. 32 பைட் வரியில் அதற்கு இடமும் இல்லை.

அப்படி ஒரு பிளொப்பி பெரியவரிடம் இருந்தது. பென்ட்ரைவ் வேலை முடிந்த மறுநாள் சாரத்து மடியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். போர்நிறுத்த நேரத்தில் மீளக்குடியமர இருந்த குடும்பங்களின் பட்டியல் என்றார். பாமினியில் அடித்தது, கோப்பின் பெயர் ஆங்கில எழுத்தில் வெறும் 'லிஸ்ட்'. கடைசியாக எழுதிய நேரம்: 2003 ஆகஸ்ட் 14, 16:40:36.

"இது எங்க இருந்து அடிச்சது ஐயா? டவுனிலயோ, அங்காலயோ?"

"அடம்பனில. ஜெனரேற்றரை நிப்பாட்டப் போறம் எண்டு பொடியள் சத்தம் போட, கடைசிப் பேர் மூண்டையும் நான் வாசிக்க வாசிக்கப் பிள்ளை அடிச்சவள்."

"கொம்பியூட்டரில கிடந்த மணியும் சுவரில கிடந்த மணியும் ஒண்டுதானோ?"

கொஞ்சம் யோசித்தார். "ஒண்டுதான். சுவர் மணியைப் பாத்துத்தான் நான் வெளிக்கிட்டனான். உயிலங்குளம் பூட்ட முந்தி வரவேணும். இஞ்சால வந்து அரை மணி கூட்டினனான், நல்லா ஞாபகம் இருக்குது."

குறிப்பேட்டில் கோப்பின் பெயருக்கு எதிரே எழுதினேன்: 16:40, பழைய நேரம், அடம்பன்.

(தொடரும்)